முதிர்ந்தவரும் கேட்கும் இரக்கம்

(தவக்காலத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பமிட்ட எழுத்து வடிவம்)



கிறிஸ்தவ வாழ்வில் உள்ளம் புதிதாவதைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். புதிதாவது என்றதும் நம் சபையாரின் நினைவுக்கு வருவது எழுப்புதல் கூட்டம்தான். மூன்று நாள் பந்தல், வெளியூர்ப் பிரசங்கியார், கடைசி இரவில் கண்ணீரோடு முன்னே வந்து முழங்காலிடுகிறவர்கள். அதை நான் குறைத்துப் பேச வரவில்லை. அப்படி ஓர் இரவில் வாழ்வு திரும்பியவர்கள் இந்த அவையிலேயே இருப்பீர்கள். என் கவலை அதற்குப் பிந்திய மாதங்களைப் பற்றியது. பழைய கோபம் திரும்பி வருகிறது, பழைய குடி திரும்பி வருகிறது, ஜெபம் வறண்டு போகிறது. அப்போது அந்த மனிதர் தமக்குள்ளே சொல்லிக்கொள்வது ஒன்றுதான்: “ஒரு தரம் மன்னித்தாரே, இனி எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பேன்?” அதோடு ஆலயத்தின் பின்வரிசைக்குப் போகிறார். பிறகு அந்த இடமும் காலியாகிறது. ஆயர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை.

இரக்கம் கேட்பது புதிய விசுவாசிக்கு உரியது, முதிர்ந்தவர் அதைத் தாண்டிப் போய்விட வேண்டும் என்ற எண்ணம் நமக்குள் எப்படியோ வேரோடிவிட்டது. திருச்சபையின் நெடிய அனுபவம் இதற்கு நேர் எதிராக இருக்கிறது என்பதே இன்று நான் சொல்ல வந்தது. இறைவனின் இரக்கம் புதுவாழ்வுக்குப் பரிசாகக் கிடைப்பதில்லை, அதற்கு முந்தி வருகிறது. ஆகவே புதுவாழ்வு முதிர முதிர, இரக்கம் கேட்பதும் ஆழமாகிறது.

சான்றுக்கு நான் நாடுவது பெரும்பாலும் ஏழு சங்கீதங்களை. 6, 32, 38, 51, 102, 130, 143 ஆகிய இந்த ஏழையும் மனந்திரும்புதலின் சங்கீதங்கள் என்று மேற்கத்தியத் திருச்சபை ஒரு கொத்தாகப் போற்றி வந்தது. ஆறாம் நூற்றாண்டில் காசியோதோருஸ் தம் சங்கீத உரையில் இந்த ஏழையும் இனங்கண்டு குறித்திருக்கிறார். பழைய இலத்தீன் வேதாகமத்தின் எண்ணிக்கையில் 51 என்பது 50 ஆக இருக்கும். கத்தோலிக்க நண்பர்கள் பழைய ஜெபப் புத்தகங்களைப் புரட்டும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1. இரக்கம் கேட்டவர்கள் யார்?

கி.பி. 430-ஆம் ஆண்டு, ஆகஸ்டு மாதம். வட ஆப்பிரிக்கக் கடற்கரையில் ஹிப்போ நகரம். இன்று அது அல்ஜீரியாவின் அன்னாபா. வாண்டல் படை நகரைச் சுற்றி வளைத்திருக்கிறது. உள்ளே, எழுபத்தைந்து வயதான ஆயர் அகுஸ்தீனார் காய்ச்சலில் படுத்திருக்கிறார். ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் அவரோடு பழகிய போசிதியுஸ் அப்போது அதே நகரில் அடைக்கலம் புகுந்திருந்தார். பின்னாளில் தம் நண்பரின் வாழ்க்கையை எழுதியபோது அந்தக் கடைசி நாள்களை அவர் விவரித்திருக்கிறார்.

மனந்திரும்புதலைப் பற்றிய தாவீதின் சில சங்கீதங்களை ஏடுகளில் எழுதச் சொல்லி, படுக்கையிலிருந்து பார்த்தால் தெரியும்படி சுவரில் வைக்கச் செய்தார் அகுஸ்தீனார். படுத்தபடியே அவற்றை வாசித்து வாசித்து அழுதார். இறப்பதற்குப் பத்து நாள் முன்பிருந்து, மருத்துவர் வரும் நேரமும் உணவு வரும் நேரமும் தவிர வேறு நேரத்தில் யாரும் அறைக்குள் வர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அந்த நாள்கள் முழுவதும் ஜெபத்தில் கழிந்தன. ஆகஸ்டு 28-ஆம் நாள் இறந்தார்.

இது யாருடைய அறை என்று எண்ணிப் பாருங்கள். மிலான் நகரத் தோட்டமொன்றில் மனம் திரும்பி, 387-ஆம் ஆண்டு ஈஸ்டரில் அம்புரோசியாரின் கையால் திருமுழுக்குப் பெற்றவர். ஏறக்குறைய முப்பத்தைந்து ஆண்டுகள் ஆயராக இருந்தவர். தம் இளமைப் பாவங்களை ஒளிக்காமல் ‘அறிக்கைகள்’ நூலில் எழுதிவைத்தவர். அந்தக் கணக்கு என்றோ தீர்ந்துவிட்டது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. பிறகு எதற்கு அழுகிறார்?

விடையை போசிதியுஸே தருகிறார். நற்பெயரெடுத்த கிறிஸ்தவர்களும் குருக்களும்கூட, திருமுழுக்குப் பெற்ற பின்னும், தகுந்த மனந்திரும்புதல் இல்லாமல் இந்த உலகைவிட்டுப் போகக்கூடாது என்று அகுஸ்தீனார் நண்பர்களோடு பேசும்போது சொல்வது வழக்கமாம். எனக்கு இதில் நரக பயம் எதுவும் தெரியவில்லை. மனிதன் தன் பலத்தால் நிற்க முடியாது, ஒவ்வொரு நற்செயலுக்கும் அருள் முந்தி வரவேண்டும் என்று பெலாகியுஸின் போதனைக்கு எதிராக இருபது ஆண்டுக் காலம் வாதாடியவர் அவர். அந்த வாதம் உண்மையென்றால் ஆயருக்கும் அது உண்மைதானே! எழுதி வாதாடியதையெல்லாம் அந்தப் பத்து நாளும் அவர் ஜெபமாக்கிக்கொண்டார். இறையியல் படிக்கும் மாணவர்கள் அருள் பற்றிய அவருடைய நூல்களைப் படிக்கும்போது இந்த அறையையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

எகிப்தின் பாலைவனத் துறவிகளிடமும் இதையே காண்கிறோம். முதுபெரும் துறவி சிசோயி இறக்கும் தறுவாயில், மனந்திரும்ப இன்னும் சிறிது நேரம் வேண்டும் என்று கேட்டாராம். உமக்கு எதற்கு மனந்திரும்புதல் என்று சுற்றியிருந்த முதியவர்கள் வியந்தபோது, நான் இன்னும் அதைத் தொடங்கவேயில்லை என்ற பொருளில் அவர் மறுமொழி சொன்னதாகத் துறவியர் மொழித் தொகுப்புகள் கூறுகின்றன. பெனடிக்டின் ஒழுங்குநூலோ இதை அன்றாடக் கடமையாகவே ஆக்கிவிட்டது. அந்த மடங்களில் நாள்தோறும் விடியற்காலை ஜெபத்தில் 51-ஆம் சங்கீதம் ஓதப்பட வேண்டும். அதே நூலின் நான்காம் அதிகாரம் நற்செயல்களுக்கான கருவிகளை எழுபதுக்கும் மேலாக வரிசைப்படுத்துகிறது. வரிசையில் கடைசியாக நிற்பது, இறைவனின் இரக்கத்தைப் பற்றி ஒருபோதும் நம்பிக்கை இழக்காதே என்பது. மற்ற அத்தனையிலும் தோற்றுப்போன துறவிக்கும் பிடித்துக்கொள்ள அது மிச்சமிருக்கட்டும் என்றே பெனடிக்ட் அதைக் கடைசியில் வைத்திருக்க வேண்டும்.

2. எதைக் காட்டிக் கேட்பது?

51-ஆம் சங்கீதத்தின் தொடக்கத்தை உங்களில் பலர் மனப்பாடமாகச் சொல்வீர்கள். தாவீது எதை முன்வைத்து இரக்கம் கேட்கிறான் என்பதை மட்டும் கவனியுங்கள். கோலியாத்தை வீழ்த்தியது, உடன்படிக்கைப் பெட்டியை எருசலேமுக்குக் கொண்டுவந்தது, சவுல் தன் கையில் சிக்கியபோதும் அவனைக் கொல்லாமல் விட்டது என்று அவன் கணக்கில் எவ்வளவோ இருந்தன. ஒன்றையும் அவன் எடுத்து வைக்கவில்லை. ‘இனிமேல் செய்யமாட்டேன்’ என்ற வாக்குறுதியைக்கூட முதலில் வைக்கவில்லை. இறைவனுடைய மாறாத அன்பையும் மிகுதியான இரக்கத்தையும் சுட்டிக்காட்டிக் கேட்கிறான். மன்றாட்டின் ஆதாரம் முழுவதும் கேட்கப்படுகிறவரின் குணத்தில் இருக்கிறது. சுத்தமான இருதயம் வேண்டும் என்ற விண்ணப்பம் பத்தாம் வசனத்தில்தான் வருகிறது. இரக்கம் முதலில், புதிய இருதயம் பிறகு. அந்த இருதயத்தையும் தானே உண்டாக்கிக்கொள்ள முடியாது, இறைவனே படைத்துத் தரவேண்டும் என்று கேட்கிறான்.

நாம் நடைமுறையில் செய்வது இதற்குத் தலைகீழ். லெந்து நாட்கள் தொடங்கியதும் இறைச்சியை விடுகிறோம், பூ வைப்பதை விடுகிறோம், திரைப்படத்தை விடுகிறோம். நாற்பது நாளும் ஒழுங்காக இருந்துவிட்டால் ஈஸ்டரில் இறைவன் முன் தலைநிமிர்ந்து நிற்கலாம் என்று உள்ளூர ஒரு கணக்கு ஓடுகிறது. நோன்பு நல்லது, நானும் இருக்கிறேன். ஆனால் அந்தக் கணக்கு லூக்கா 18-இல் வரும் பரிசேயனின் கணக்கு. அவனும் வாரத்தில் இரண்டு முறை நோன்பிருந்தவன், தசமபாகம் தவறாமல் கொடுத்தவன். தூரத்தில் நின்று, கண்களை ஏறெடுக்கவும் துணியாமல், மார்பில் அடித்துக்கொண்ட ஆயக்காரனிடம் காட்ட ஒன்றுமே இல்லை. இயேசுவின் தீர்ப்பில் நீதிமானாக வீடு திரும்பியவன் அவன். கீழைத் திருச்சபைகளின் துறவியர் மூச்சோடு மூச்சாகச் சொல்லும் இயேசு ஜெபத்தில் அந்த ஆயக்காரனின் விண்ணப்பம் கலந்திருக்கிறது. ஆத்தோஸ் மலையின் துறவி அதை எத்தனை ஆண்டு சொன்னாலும் ஆயக்காரன் நின்ற இடத்திலிருந்துதான் சொல்கிறார்.

மார்ட்டின் லூத்தரின் பெயரோடு 1517 என்ற ஆண்டு சேர்ந்தே நினைவுக்கு வரும். அக்டோபர் 31, தொண்ணூற்றைந்து கூற்றுகள். அதே ஆண்டின் வசந்தத்தில் அவர் இன்னொன்றைச் செய்திருந்தார். இந்த ஏழு சங்கீதங்களையும் ஜெர்மன் மொழியில் பெயர்த்து, விளக்கமும் எழுதி அச்சுக்குக் கொடுத்தார். தாமே எழுதி வெளியிட்ட முதல் நூல் அதுதான். கல்விமான்களின் இலத்தீனை விட்டுவிட்டுச் சாதாரண மக்களின் மொழியில் எழுதினார். அக்டோபரில் வெளியான கூற்றுகளில் முதலாவது, விசுவாசியின் வாழ்வு முழுவதுமே மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்பதே கிறிஸ்துவின் விருப்பம் என்று சொல்கிறது. பாவமன்னிப்புச் சீட்டு வியாபாரத்தை எதிர்த்தவர் முதலில் எடுத்த பொருள் இது. அந்த ஏழு சங்கீதங்களோடு அவர் வாழ்ந்திராவிட்டால் அந்த முதல் கூற்று பிறந்திருக்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இங்கே நம் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1827-இல் திருநெல்வேலிப் பக்கத்தில் வைணவக் குடும்பமொன்றில் பிறந்தவர். கம்பனில் தோய்ந்தவர். சாயர்புரத்தில் தமிழாசிரியராக வேலை பார்த்து, 1858-இல் திருமுழுக்குப் பெற்றார். ஜான் பனியனின் ‘மோட்சப் பிரயாணம்’ கதையைத் தழுவி அவர் பாடிய இரட்சணிய யாத்திரிகம் 1894-இல் வெளிவந்தது. பனியன் அமைத்த கதையில் ஒரு நுட்பம் இருக்கிறது. பயணியின் முதுகில் பாவச்சுமை. வழியில் ஒருவர், சற்று ஒதுங்கிப் போனால் ஒழுக்கம் என்னும் ஊரில் சுமையை இறக்கித் தருபவர் இருக்கிறார் என்று ஆசை காட்டுகிறார். அங்கே போகப் போகச் சுமை கூடுகிறது. கடைசியில் அது அவிழ்ந்து விழுவது சிலுவையடியில். அது எப்போது? பயணத்தின் முற்பகுதியிலேயே! கடினமலையும், தாழ்மைப் பள்ளத்தாக்கில் அப்பொல்லியோனோடு போரும், மாயச்சந்தையும், சந்தேகக் கோட்டையும், கடைசி ஆறும் அதற்குப் பிறகுதான் வருகின்றன. மலையேறி முடித்தவனுக்குச் சுமை இறக்கித் தரப்படவில்லை. இறக்கி வைத்தபடியால்தான் அவனால் மலையேற முடிந்தது.

கிருஷ்ணபிள்ளை இந்தக் கதையைத் தமிழுக்குக் கொண்டுவந்தபோது இயேசுவின் பாடுகளை மூலத்தைக் காட்டிலும் மிக விரிவாகப் பாடினார். சரணாகதியைப் பேசும் மரபில் வளர்ந்தவருக்கு, ஆன்மா எதன் முன் சரணடைகிறது என்பதை முழுமையாகக் காட்டாமல் நகர மனம் வந்திருக்காது. தமிழ்த் துறை மாணவர்கள் இந்தக் காப்பியத்தில் கம்பனின் சாயலைத் தேடுவதோடு நிறுத்திவிடக் கூடாது என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

3. இன்னொருவர் வேண்டும்

51-ஆம் சங்கீதத்தின் தலைப்பு, நாத்தான் தீர்க்கதரிசி தாவீதிடம் வந்த நேரத்தைக் குறிக்கிறது. இதை நாம் எளிதாகக் கடந்துவிடுகிறோம். தாவீது தானாக மனந்திரும்பவில்லை. பத்சேபாளின் கணவன் உரியா இறந்தான், அவளுடைய துக்க நாட்கள் முடிந்தன, அவள் அரண்மனைக்கு வந்தாள், குழந்தையும் பிறந்தது. அத்தனை மாதமும் அரசன் வழக்குத் தீர்த்துக்கொண்டும் பலி செலுத்திக்கொண்டும்தான் இருந்திருப்பான். ஒருவர் எதிரே வந்து நின்று ஏழையின் ஒற்றை ஆட்டுக்குட்டிக் கதையைச் சொல்ல வேண்டியிருந்தது.

தமிழில் அச்சான முதல் சில நூல்களை எண்ணிப் பாருங்கள். 1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’. 1579-இல் கொச்சியில் ‘கிரீசித்தியானி வணக்கம்’. 1580-இல் ‘கொம்பெசியொனாயரு’ என்ற பாவசங்கீர்த்தனக் கையேடு. மூன்றும் முத்துக்குளித்துறையில் உழைத்த அன்றீக்கே அன்றீக்கஸ் அடிகளாரின் உழைப்பு. நம் மொழியில் அச்சுக்கலை கால்வைத்த இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள், ஒரு மனிதர் இன்னொரு மனிதரின் காதில் தன் பாவத்தைத் தன் தாய்மொழியில் சொல்ல உதவும் புத்தகம் வந்துவிட்டது! மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு பாவத்தை அறிக்கையிட எந்தப் பரதவருக்குத்தான் மனம் வரும்? அன்றீக்கஸ் தமிழை ஊன்றிப் படித்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

சீர்திருத்தச் சபைகளில் நாம் இந்த வழக்கத்தைக் கைவிட்டோம். பொதுப் பாவ அறிக்கையை எல்லாரும் சேர்ந்து, ஒரே குரலில், ஒரு நிமிடத்தில் சொல்லி முடிக்கிறோம். அதற்குள் ஒளிந்துகொள்வது மிக எளிது. எல்லாரும் பாவிகள் என்று ஒப்புக்கொள்வதில் எனக்கென்று கூச்சம் என்ன இருக்கப்போகிறது? டீட்ரிக் போன்ஹோஃபர் 1935 முதல் 1937 வரை ஃபின்கென்வால்டே என்ற இடத்தில் ஆயர்களைப் பயிற்றுவித்தபோது, சகோதரர் ஒருவர் மற்றவரிடம் பாவத்தை அறிக்கையிடும் பழக்கத்தை மீண்டும் கொண்டுவர முயன்றார். லூத்தரன் மாணவர்களுக்கு அது புதிதாகவும் சங்கடமாகவும் இருந்தது. போன்ஹோஃபர் தம் மாணவர்களிலேயே ஒருவரிடம் போய்த் தம் அறிக்கையைக் கேட்கச் சொன்னார். கெஸ்டபோ அந்தப் பள்ளியை மூடியபின், 1939-இல் வெளிவந்த ‘சேர்ந்து வாழ்தல்’ பற்றிய அவரது நூலின் கடைசி அதிகாரம் பாவ அறிக்கையையும் திருவிருந்தையும் பற்றியது. தனிமையில் வைத்துக்கொள்ளும் பாவம் மனிதனை இன்னும் தனிமைப்படுத்துகிறது என்பது அவர் அங்கே வற்புறுத்துவது. ஒரு சகோதரனின் வாயிலிருந்து மன்னிப்பின் சொல் வரும்போது, என்னை நானே மன்னித்துக்கொண்டேனோ என்ற ஐயத்துக்கு இடமில்லை.

கத்தோலிக்க நண்பர்களிடமும் ஒன்று சொல்ல உரிமை எடுத்துக்கொள்கிறேன். ஒப்புரவு அருட்சாதனம் உங்களிடம் இருக்கிறது. பெரிய வியாழனுக்கு முந்தின நாளில் வரிசையில் நின்று, சிறுவயதில் கற்ற அதே பட்டியலை ஒப்பித்துவிட்டுப் போகும் சடங்காக அதைச் சுருங்க விடாதீர்கள். எங்களுக்கு இல்லாத செல்வம் அது.

4. நெஞ்சின் அனலைக் கொண்டு அளக்கலாமா?

1738, மே 24. ஜான் வெஸ்லி பிற்பகலில் இலண்டன் தூய பவுல் பேராலயத்துக்குப் போகிறார். அங்கே பாடப்பட்டது ஆழங்களிலிருந்து கூப்பிடும் 130-ஆம் சங்கீதம், நம் ஏழில் ஒன்று. மாலையில் விருப்பமே இல்லாமல் ஆல்டர்ஸ்கேட் தெருவில் ஒரு சிறு கூட்டத்துக்குப் போகிறார். யாரோ ஒருவர் ரோமர் நிருபத்துக்கு லூத்தர் எழுதிய முன்னுரையை வாசித்துக்கொண்டிருக்கிறார். ஒன்பதடிக்கக் கால் மணி இருக்கும்போது தம் நெஞ்சில் ஒரு கதகதப்பு உண்டானதாகவும், தம் பாவங்களும் நீக்கப்பட்டன என்ற நிச்சயம் பிறந்ததாகவும் வெஸ்லி நாட்குறிப்பில் எழுதினார். மெதடிஸ்டு மரபில் இந்த நாளை அறியாதவர் இல்லை.

அதே நாட்குறிப்பை மேலும் புரட்டுகிறவர்கள் குறைவு. அன்றிரவு வீடு திரும்பியதும் சோதனைகள் அலைக்கழித்ததை அவரே எழுதுகிறார். ஏழு மாதம் கழித்து, 1739 ஜனவரி 4-ஆம் தேதிக் குறிப்பில், தாம் இப்போது ஒரு கிறிஸ்தவரே அல்ல என்று எழுதுகிறார். இறைவன்மேல் தமக்கு உண்மையான அன்பும் மகிழ்ச்சியும் இல்லை என்று வருந்துகிறார். அந்த மனிதர்தான் அதே 1739-இன் வசந்தத்தில் பிரிஸ்டலில் திறந்தவெளியில் ஏழைகளுக்குப் பிரசங்கிக்கத் தொடங்கினார். பிறகு ஐம்பது ஆண்டுகள் குதிரையிலும் வண்டியிலும் ஊர் ஊராகப் போனார். நெஞ்சின் கதகதப்பு ஆறிப்போனதால் இரக்கம் விலகிப்போய்விடவில்லை.

திருநெல்வேலிச் சீமைக்கும் இப்படி ஓர் அனல் வந்தது. 1860-இல் ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் வழிநடத்திய சபைகளில் மக்கள் வாய்விட்டு அழுது பாவங்களை அறிக்கையிட்டார்கள். எழுதப்படிக்கத் தெரியாதவர்களும் ஊர் ஊராகச் சாட்சி சொல்லப் புறப்பட்டார்கள். அது இறைவனின் செயல் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் அந்தக் கண்ணீரை அளவுகோலாக்கிக்கொண்டு, கண்ணீர் வராத விசுவாசியைக் குளிர்ந்துபோனவர் என்று முத்திரை குத்தும் பேச்சு நம் மேடைகளில் இன்றும் கேட்கிறது. 130-ஆம் சங்கீதக்காரன் கூப்பிட்ட உடனே விடை பெற்றவன் அல்ல. விடியலுக்குக் காத்திருக்கும் இரவுக் காவற்காரனைவிட அதிகமாகக் காத்திருக்கிறான். காத்திருப்பதும் நம்பிக்கைதான். ஜெபிக்க முடியவில்லை என்று என்னிடம் வரும் மாணவர்களை நான் இந்தச் சங்கீதத்துக்கே அனுப்புகிறேன்.

5. உரியாவின் பெயர்

இனி சொல்லப்போவது எல்லாவற்றிலும் கடினமானது. 51-ஆம் சங்கீதத்தில் தாவீது, தான் இறைவன் ஒருவருக்கே விரோதமாகப் பாவம் செய்ததாக அறிக்கையிடுகிறான். அப்படியானால் பத்சேபாள்? உரியா? அரசன் அழைத்தனுப்பினால் மறுக்க முடியாத நிலையில் இருந்த பெண் அவள். உரியாவோ, தோழர்கள் போர்க்களத்தில் கூடாரங்களில் படுத்திருக்கும்போது தன் வீட்டுக்குப் போய் உறங்க மனம் வராமல் அரண்மனை வாசலில் படுத்தவன். தன்னைக் கொல்லச் சொல்லும் கடிதத்தைத் தன் கையாலேயே யோவாபிடம் கொண்டுபோனவன். அவனுக்கு எதிராகப் பாவமில்லையா?

விளக்கவுரையாளர்கள் பலவிதமாகச் சமாதானம் சொல்வார்கள். எல்லாப் பாவமும் முடிவில் இறைவனுக்கு எதிரானதுதான் என்பார்கள். அது சரிதான். ஆனால் அந்தப் பதில் மட்டும் போதும் என்றால், கெடுத்தவன் இறைவனோடு மட்டும் கணக்கை முடித்துக்கொண்டு, பாதிக்கப்பட்டவனை மறந்துவிடலாம். நம் நடுவில் இது நடக்கிறது. மனைவியை அடித்தவர் சாட்சி சொல்கிறார், சபை அல்லேலூயா சொல்கிறது, மனைவியிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

வேதாகமம் உரியாவை மறக்கவில்லை. அதே சங்கீதத்தின் பதினான்காம் வசனத்தில் இரத்தப்பழியிலிருந்து விடுவிக்கும்படி தாவீது கெஞ்சுகிறான். அந்த இரத்தம் யாருடையது என்று கேட்க வேண்டியதில்லை. சாமுவேலின் இரண்டாம் புத்தகம் தாவீதின் பராக்கிரமசாலிகளின் பட்டியலைத் தருகிறது. மொத்தம் முப்பத்தேழு பேர், கடைசிப் பெயர் ஏத்தியனாகிய உரியா. அந்தப் பட்டியலை அப்படி முடித்தவர் தெரிந்துதான் முடித்திருக்கிறார். மத்தேயுவோ இயேசுவின் வம்ச வரலாற்றில் சாலொமோனின் தாயைக் குறிக்கும்போது பத்சேபாள் என்று எழுதாமல், உரியாவின் மனைவியாக இருந்தவள் என்று எழுதுகிறார். தாவீது மன்னிக்கப்பட்டு ஆயிரம் ஆண்டு ஆகிவிட்டது. உரியாவின் பெயரோ புதிய ஏற்பாட்டின் முதல் பக்கத்தில் நிற்கிறது. இறைவனின் இரக்கம் பாவியை மன்னிக்கிறது, பாதிக்கப்பட்டவனின் பெயரையும் காத்துவைக்கிறது.

நாத்தானின் கதையைக் கேட்டதும் தாவீது கொதித்தெழுந்து, ஆட்டுக்குட்டிக்குப் பதிலாக நாலத்தனை திருப்பித் தரவேண்டும் என்று தீர்ப்பளிக்கிறான். ஆட்டைத் திருடி அடித்தவனுக்கு யாத்திராகமம் விதித்த அளவு அது. அவனே சொன்ன தீர்ப்பை அவனால் நிறைவேற்ற முடியவில்லை. உரியா இறந்துவிட்டான். திருப்பித் தர ஆளில்லை. பல நூற்றாண்டுகளுக்குப் பின் எரிகோவில் அதே நாலத்தனையை இன்னொருவன் சொல்கிறான், ஆயக்காரர் தலைவன் சகேயு. அவன் திருப்பித் தருவதாகச் சொன்ன பிறகு இயேசு அவன் வீட்டுக்குப் போகவில்லை. முதலில் அத்திமரத்திலிருந்து இறங்கச் சொல்லி, உன் வீட்டில் தங்க வேண்டும் என்கிறார். ஊரார் முறுமுறுக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் சகேயு எழுந்து நின்று, சொத்தில் பாதி ஏழைகளுக்கு என்கிறான், அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாகத் தருகிறேன் என்கிறான். இரக்கம் முந்தி வந்தது. வந்த இரக்கம் கணக்குப் புத்தகத்தைத் திறந்துவிட்டது.

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். நம் ஆங்கிலிக்க முன்னோர் பயன்படுத்திய 1662-ஆம் ஆண்டுப் பொது ஜெபப் புத்தகத்தில், திருவிருந்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமையில் வாசிக்க ஓர் அறிவுரை இருக்கிறது. அயலானுக்கு அநியாயம் செய்திருந்தால் அவனோடு ஒப்புரவாகி, இயன்றவரை ஈடு செய்துவிட்டு வரும்படி அது சொல்கிறது. தன் மனச்சாட்சியைத் தானே அமைதிப்படுத்த முடியாதவர், விவேகமுள்ள ஓர் ஆயரிடம் வந்து தன் துயரத்தைத் திறந்து சொல்லும்படியும் அழைக்கிறது. இந்த அறிவுரை இப்போது நம் ஆலயங்களில் ஏறக்குறைய கேட்பதே இல்லை. குருத்தோலை ஞாயிறன்று அதை மறுபடியும் வாசியுங்கள். பெரிய வியாழன் திருவிருந்துக்கு நடுவில் நாள்கள் இருக்கின்றன. தம்பியின் பங்குக்குள் தள்ளி வைத்த வரப்பை அந்த நாள்களில் திரும்ப எடுத்து வைக்கலாம். கொல்லையில் வேலை செய்தவருக்குப் பாக்கி வைத்த கூலியைக் கொண்டுபோய்க் கொடுக்கலாம். அடகு வைத்த மருமகளின் நகையை மீட்டு அவள் கையில் தரலாம். அடி வாங்கிய மனைவியிடம், பிள்ளைகள் கேட்க, தப்பு என்னுடையது என்று சொல்லலாம். இதில் எதற்கும் துணிவு வராதவர் ஆயர் வீட்டுக் கதவைத் தட்டட்டும். அந்த வாரம் முழுவதும் ஆயர்கள் தயவுசெய்து வீட்டில் இருங்கள்.